சிவகாசியை உயர்த்தியது உழைப்பா, முனைப்பா?

கரிசல்மண் எழுதியது:

எங்கள் வட்டாரத்தில் ஒருவர் தொழிலில் முன்னுக்கு வந்துவிட்டால், "கடுமையான உழைப்பாளி, அதனால் வந்தார்" என்று ஒரே வாக்கியத்தில் கணக்கை முடித்துவிடுகிறோம். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். சிவகாசியின் கதையைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. அதை இங்கே வைக்கிறேன். மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

கரிசல் பூமியில் உழைக்காதவர் யார்? மழை பெய்தால் பருத்தியும் கம்பும், பொய்த்தால் வெளியூர்ப் பிழைப்பும் என்று தலைமுறை தலைமுறையாக உடம்பை உருக்கியவர்கள் சாத்தூரிலும் இருந்தார்கள், விளாத்திகுளத்திலும் இருந்தார்கள். உழைப்பு ஒன்றே ஒருவரை உயர்த்துமென்றால் வைப்பாற்றின் இரு கரையிலும் ஏழை என்று ஒருவர் மிஞ்சியிருக்கக் கூடாது.

சிவகாசியில் வேறாக நடந்தது என்ன? 1922இல் ஐய நாடார், சண்முக நாடார் என்ற உறவினர்களான இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்பதற்காகக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டுப் போனார்கள். மொழி தெரியாத ஊர். சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊர். அங்கே எட்டு மாதங்கள் தங்கிக் கற்றுக்கொண்டு திரும்பி, 1923இல் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களைத் தருவித்துத் தொழிலைத் தொடங்கினார்கள். இயந்திர உற்பத்தி கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், போட்ட முதலை எண்ணி ஏங்கிக்கொண்டிராமல், கையால் செய்யும் முறைக்கு மாறினார்கள். 1926இல் பிரிந்து தனித்தனியே தொழில் நடத்தினார்கள். பிற்காலத்தில் பட்டாசும் அச்சும் அந்தத் தொழிலின் கிளைகளாகவே வளர்ந்தன.

கல்கத்தா ரயிலில் ஏறிய அந்த முடிவை நான் உழைப்பு என்று சொல்ல மாட்டேன். யாரும் போகச் சொல்லாத இடத்துக்குத் தானாகப் புறப்பட்டுப் போகிற முனைப்பு அது. உழைப்பு எல்லாரிடமும் ஒரே அளவில் இருந்தது, முனைப்பு இரண்டு பேரிடம் இருந்தது, ஊர் மாறியது. இதுவே என் வாதம்.

---

பழையபேரேடு எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் வாதத்தின் முற்பாதியை ஒப்புக்கொள்கிறேன். பிற்பாதியில் ஒரு பெரிய பொருளை விட்டுவிட்டீர்கள். இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள் என்று எழுதும்போது, அவர்கள் எந்தத் தரையில் நின்று அடியெடுத்து வைத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

அந்தத் தரைக்கு மகமை என்று பெயர். பழைய இராமநாதபுரம் சீமையில் சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஆறு ஊர்களிலும் நாடார் வணிகர்கள் தாம் வாங்கி விற்கும் சரக்கின் மீது, மூட்டைக்கு இவ்வளவு என்று தமக்குத் தாமே ஒரு வரி விதித்து, அதை உறவின்முறை என்னும் தங்கள் ஊர்ச் சமூக அமைப்பின் பொது நிதியாகத் திரட்டினார்கள். வண்டிகளும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்குவதற்குப் பேட்டைகளும், கோயில்களும், கிணறுகளும், பின்னர் பள்ளிக்கூடங்களும் அந்தப் பணத்தில் எழுந்தன. விருதுநகரில் 1885இல் தொடங்கிய பள்ளி அந்த வழியில் வந்ததுதான். கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஒரு சமூகம், 1899இல் சிவகாசி தாக்கப்பட்டு வீடுகள் சூறையாடப்பட்ட பின்னும் குலைந்து போகாமல் நின்றதென்றால், அதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். 1910இல் நாடார் மகாஜன சங்கமும் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் தோன்றின. அதற்கு மறு ஆண்டில்தான் நீங்கள் சொல்லும் பயணம் நடந்தது.

ஒருவன் துணிந்து புறப்பட வேண்டுமானால், போன காரியம் தோற்றாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நம்பிக்கை அவனுக்கு வேண்டும். வட்டிக்கடைக்காரனிடம் நிலத்தின் பத்திரத்தை வைத்துவிட்ட விவசாயக் கூலி, எட்டு மாதம் வெளியூரில் தங்கித் தொழில் கற்க முடியாது. எட்டு நாள்கூட முடியாது. அவனிடம் முனைப்பு இல்லை என்று நாம் எப்படி முடிவு கட்டுவது? முனைப்பு இருந்தும் அதை எடுத்துச் செலவிட இடமில்லாமல் எத்தனையோ பேர் முடங்கியிருப்பார்கள்.

---

கரிசல்மண் எழுதியது:

பழையபேரேடு அண்ணாச்சி சொன்ன மகமையின் வரலாற்றை மனமார ஏற்கிறேன். முதல் பதிவிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆயினும் நீங்கள் தந்த பட்டியலே எனக்கு ஒரு கேள்வியைத் தருகிறது. மகமை ஆறு ஊர்களிலும் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விருதுநகரின் வணிகம் சிவகாசிக்கு எந்த வகையிலும் இளைத்ததன்று. பருத்தியும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் அங்கேதான் குவிந்தன. அப்படியிருந்தும் தீப்பெட்டி கற்கக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டவர்கள் சிவகாசியிலிருந்தே புறப்பட்டார்கள். தரை எல்லாருக்கும் இருந்தபோது அடியெடுத்து வைத்தவர் யார் என்பதில்தானே முனைப்பின் இடம் தெரிகிறது?

---

அச்சுக்கோவை எழுதியது:

நான் சிவகாசியில் அச்சகத் தொழிலில் முப்பது ஆண்டுகளாக இருப்பவன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இருவருமே காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

1922இல் இந்திய அரசு, இறக்குமதியாகும் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் என்று சுங்க வரியை உயர்த்தியது. ஒரு குரோசு என்பது 144 பெட்டி. அதுவரை சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மலிவாக வந்திறங்கிய சரக்கின் விலை ஏறியதால், உள்நாட்டில் செய்தாலும் விற்கும் என்ற நிலை உண்டாயிற்று. இதை உணர்ந்துகொண்டவர்கள் சிவகாசிக்காரர்கள் மட்டும் அல்லர். பெரும் சுவீடிஷ் நிறுவனமே 1923இல் இங்கே வந்து விம்கோ என்ற தீப்பெட்டி நிறுவனத்தை நிறுவி, இந்திய மண்ணிலேயே உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் அந்த இளைஞர்கள் இதே முனைப்போடு இதே கல்கத்தாவுக்குப் போயிருந்தால், திரும்பி வந்து செய்த பெட்டியை இறக்குமதிச் சரக்கின் விலைக்கு விற்க முடியாமல் கடையை மூடியிருக்கக் கூடும். சுதந்திரத்துக்குப் பிறகும், கையால் செய்யும் சிறு ஆலைகளுக்கு உற்பத்தி வரியில் அரசு சலுகை தந்ததால்தான் இயந்திர ஆலைகளின் முன்னால் இவை தாக்குப்பிடித்தன.

வானிலையும் ஒரு முதலாளிதான். மழை குறைந்த, காற்றில் ஈரம் இல்லாத ஊர் என்பதால் மருந்தில் முக்கி எடுத்த குச்சி விரைவில் காய்கிறது. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வரமாயிற்று. அந்த வெயில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பொதுவானது என்பதால் தொழிலும் அங்கெல்லாம் பரவியது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கரிசல்மண் அண்ணாச்சியின் பக்கம் ஒரு சான்றையும் வைக்கிறேன். தீப்பெட்டிக்கு மேலே ஒட்டும் லேபிள் வேண்டும். அதை வெளியூரில் அச்சடித்து வாங்கிக்கொண்டே இருந்திருக்கலாம், வாங்கியும் வந்தார்கள். பிறகு அதையும் நாமே அச்சடித்தால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றி, கல்லச்சு இயந்திரம் ஊருக்குள் வந்தது. லேபிள் அடிக்கத் தெரிந்த கை பட்டாசுப் பெட்டிக்கு வண்ணப்படம் அடித்தது. அடுத்து நாட்காட்டி அடித்தது. அதன் பின் நாட்டின் பல மூலைகளுக்கும் இங்கிருந்து நாட்காட்டி போகிற நிலை வந்தது. பட்டாசும் அவ்வாறே. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கின் வரத்து நின்றபோது, தீக்குச்சி மருந்தைக் கையாளத் தெரிந்த ஊர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒரே ஒரு ரயில் பயணத்தை முனைப்பு என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கையில் இருக்கும் வேலைக்குப் பக்கத்து வேலை எது என்று ஓயாமல் தேடிக்கொண்டிருந்ததையே முனைப்பு என்று சொல்வேன். என் முதலாளி அச்சு இயந்திரத்தின் உருளை தேய்ந்துபோனால் உதிரிப் பாகம் வரும்வரை காத்திருக்க மாட்டார். பட்டறைக்காரரை அழைத்துவந்து, பழைய உருளையை அளந்து, உள்ளூரிலேயே ஒன்று செய்ய வைப்பார். இரண்டு முறை கோணலாக வந்தது. மூன்றாம் முறை ஓடியது. அந்த மூன்று வாரமும் இரவில் அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கியதை நான் பார்த்ததில்லை. அதை உழைப்பு என்பதா, முனைப்பு என்பதா? என்னால் பிரிக்க முடியவில்லை.

---

தீப்பெட்டிமகள் எழுதியது:

மூவர் பதிவையும் படித்தேன். ஐய நாடார், சண்முக நாடார், வங்கி, வரி, அச்சு இயந்திரம் எல்லாம் வந்துவிட்டன. கட்டை அடுக்கியவர்கள் மட்டும் இன்னும் வரவில்லை.

என் பாட்டியும் அம்மாவும் சாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தீப்பெட்டி ஆபிசுக்கு வேலைக்குப் போனவர்கள். எங்கள் ஊரில் ஆலை என்று யாரும் சொல்வதில்லை. ஆபிஸ் என்றுதான் சொல்வார்கள். கட்டை அடுக்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். வரிசையாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய பலகையில், ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சியாக நிரப்பி, அதன் மேல் அடுத்த பலகையை வைத்து நிரப்பி, இப்படியே மேலே மேலே அடுக்கி இறுக்க வேண்டும். ஒரு கட்டையில் ஆயிரக்கணக்கான குச்சிகள் இருக்கும். அதன் பிறகுதான் அது மெழுகுக்கும் மருந்துக்கும் போகும். கூலி நாளுக்கு இல்லை, கட்டைக்கு. எத்தனை கட்டை அடுக்கினாயோ அத்தனைக்குக் காசு. குச்சி கோணலாக நின்றால் கட்டையைக் கழித்துவிடுவார்கள்.

அம்மா எட்டு வயதில் போகத் தொடங்கினார். விடியுமுன் ஊருக்கு ஆபிஸ் வண்டி வரும். இருட்டில் ஏறி இருட்டில் இறங்கிய பிள்ளைகள் அவர்கள். கரிசல்மண் அண்ணாச்சி, "உழைப்பு எல்லாரிடமும் ஒரே அளவில் இருந்தது" என்று எழுதினீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அம்மாவின் உழைப்பு முதலாளியின் உழைப்பைவிட ஒரு குச்சி அளவுகூடக் குறைந்ததில்லை, கூடவே இருந்திருக்கும். முப்பது ஆண்டு உழைத்த பின் அவருக்கு மிஞ்சியது முதுகுவலியும், நெருப்புப் பெட்டி என்றாலே விலகிப் போகிற மனமும்.

சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் பற்றிய பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இலும் 1996இலும் தீர்ப்பளித்தது. அபாயகரமான வேலையில் ஒரு குழந்தையை அமர்த்திய முதலாளி, அக்குழந்தைக்காக 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்னது. அம்மாவுக்கு அந்தத் தீர்ப்பு முப்பது ஆண்டு தாமதமாக வந்தது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, அவர்களில் யாரும் சோம்பேறிகள் அல்லர்.

உழைப்பின் பலன் உழைத்தவரிடம் தங்குவதற்கு ஏதேனும் ஒரு பாத்திரம் வேண்டும். நிலமோ, பங்கோ, பள்ளிப் படிப்போ, பழையபேரேடு ஐயா சொன்ன பொது நிதியோ ஏதோ ஒன்று. கட்டைக் கூலிக்கு அப்படி எதுவும் இல்லை. அன்றைக்கு அடுக்கியது அன்றைக்கே அரிசியாகிவிடும்.

---

கடம்பூர்ச்சாலை எழுதியது:

அம்மாவின் கதையைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை. என் தரப்பிலிருந்து ஒன்று மட்டும் சொல்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்தில் சிறு தீப்பெட்டி ஆபிஸ் வைத்திருக்கும் பலர், தாங்களே ஒருகாலத்தில் மருந்து முக்கியவர்கள், கணக்கெழுதியவர்கள், சரக்கு ஏற்றியவர்கள். என் மாமனாரும் கணக்குப்பிள்ளையாக இருந்து சொந்தமாகத் தொடங்கியவரே. தொழிலாளி உயரவே முடியாத தொழில் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்று அவருடைய நிலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டி ஒரு ரூபாய் என்ற விலை 2007இலிருந்து 14 ஆண்டுகள் அசையாமல் இருந்து, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. அதற்குள் மெழுகு, அட்டை, சிவப்புப் பாஸ்பரசு ஆகியவற்றின் விலை எங்கோ ஏறிவிட்டது. மலிவான லைட்டர்கள் வந்து குவிந்தன. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டரின் இறக்குமதியை 2023இல் தடை செய்யும்வரை எங்கள் ஆட்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் இன்றும் காலை ஐந்து மணிக்கு ஆபிசைத் திறக்கிறார். உழைப்பு குறையவில்லை, முனைப்பும் குறையவில்லை. பக்கத்தில் இருந்த ஆபிஸ்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன.

---

கரிசல்மண் எழுதியது:

தீப்பெட்டிமகள் அவர்களுக்கு: நீங்கள் சுட்டிய வரி தவறானது. உழைப்பு எல்லாரிடமும் இருந்தது என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒரே அளவு என்று எழுதியிருக்கக் கூடாது. எட்டு வயதில் கட்டை அடுக்கியதையும் எட்டு மாதம் தொழில் கற்றதையும் ஒரே தராசில் வைத்தது என் பிழை. வருந்துகிறேன்.

அச்சுக்கோவை அண்ணாச்சி சொன்ன வரிக் கணக்கு என் வாதத்தைப் பெரிதும் தளர்த்திவிட்டது. முனைப்பு இல்லாமல் கதவு திறந்திருக்காது என்று இன்னும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கதவு சுவரில் எந்த ஆண்டில் வெட்டப்பட்டது, அதன் அருகே நிற்க யார் அனுமதிக்கப்பட்டார்கள் என்பதை நான் கேட்கவே இல்லை.

ஒன்று கேட்கலாமா? உங்கள் அம்மாவுக்கு முனைப்புக் காட்ட இடமே இல்லாமல் போயிற்றா? குறை காண்பதற்காகக் கேட்கவில்லை. நீங்கள் இவ்வளவு தெளிவாக எழுதுகிறீர்கள்; அந்த ஆபிஸ் வண்டியில் நீங்கள் ஏறியிருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. ஏறாமல் தடுத்தவர் யார் என்று அறிய விரும்புகிறேன்.

---

பழையபேரேடு எழுதியது:

இதற்கு அவர் பதில் எழுதுமுன் நான் ஒன்று சேர்க்கிறேன். ஆறு ஊரிலும் மகமை இருந்தும் சிவகாசி மட்டும் ஏன் என்று கேட்ட கேள்விக்கு என்னிடம் நேரான விடை இல்லை. அந்த இரண்டு பேரின் துணிவை அதில் குறைத்துச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே நேரத்தில், மகமை வணிகருக்கு வணிகர் செய்துகொண்ட ஏற்பாடு. ஆலைக்குள் வந்த பெண்களுக்கு அப்படி ஒன்று உருவாகவில்லை. தம் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டிய சமூகத்தின் ஆலைகளில் பிறர் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வேலை செய்தார்கள் என்பது, அந்தப் பெருமையைச் சொல்லி வளர்ந்த எனக்கு நெஞ்சில் தைக்கிறது.

---

தீப்பெட்டிமகள் எழுதியது:

கரிசல்மண் அண்ணாச்சி, தடுத்தவர் அம்மாதான்.

எனக்கு ஏழு வயதானபோது வண்டி ஏற்றிவிடும் ஏஜெண்டு வீட்டுக்கு வந்து, முன்பணம் தருவதாகச் சொன்னார். அப்போது வீட்டில் கடன் இருந்தது; அப்பாவும் பாட்டியும் சம்மதித்துவிட்டார்கள். அம்மா மறுத்துவிட்டார். மறுத்தால் போதாதே, என் கூலிக்கு ஈடாகப் பணம் வர வேண்டுமே? பகலெல்லாம் கட்டை அடுக்கிவிட்டு, இரவில் அட்டைப் பெட்டி ஒட்டும் வேலையை வீட்டுக்கு வாங்கிவந்தார். மண்ணெண்ணெய் விளக்கில் பசை தடவிக்கொண்டே என்னைப் பாடம் படிக்கச் சொல்லிக் கேட்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது என்பதால் நான் தவறாகப் படித்தாலும் தலையாட்டுவார்.

இதை முனைப்பு என்று நீங்கள் சொல்வீர்கள் என்றால் நான் மறுக்க மாட்டேன். யாரும் சொல்லாமல், எல்லாரும் தடுத்தும், தானாக அடியெடுத்து வைத்தார். ஆனால் அதோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஊரில் நடந்து போகும் தூரத்தில் அரசுப் பள்ளி இருந்தது, 1982இல் விரிவான சத்துணவுத் திட்டத்தால் மதியச் சோறு அங்கேயே கிடைத்தது. அந்த ஒரு வேளைச் சோறு இல்லாமல் இருந்திருந்தால் அம்மாவின் பிடிவாதம் ஒரு மாதம் தாங்கியிருக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். என்னோடு ஒன்றாம் வகுப்பில் இருந்த பெண்களில் பாதிப்பேர் ஐந்தாம் வகுப்புக்குள் வண்டியில் ஏறிவிட்டார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு மனம் இல்லை என்று நான் எண்ணவில்லை. எங்கள் வீட்டுக் கடன் கொஞ்சம் சிறியது, அவ்வளவுதான்.

---

அச்சுக்கோவை எழுதியது:

எங்கள் அச்சகத்தில் தாள் மடித்துத் தைக்கும் பிரிவில் இருக்கும் பெண்களுக்கும் எண்ணிக்கைக் கூலிதான். உங்கள் பதிவைப் படித்த பிறகு, அவர்களில் இயந்திரம் ஓட்டக் கற்க விரும்புகிறவர் யார் என்று இத்தனை ஆண்டில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. கற்கிற நாள்களில் எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். அதனால் அவர்களாகவும் கேட்க மாட்டார்கள். கற்கும் காலத்துக்கு நாள்கூலி கொடுக்க முடியுமா என்று முதலாளியிடம் நாளை பேசப் போகிறேன்.

உங்கள் அம்மா இப்போது நலமாக இருக்கிறாரா?

---

தீப்பெட்டிமகள் எழுதியது:

நலம், அண்ணாச்சி. என்னோடு மதுரையில் இருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டது. பேத்தி விளையாட்டுக்கு ஐஸ்கிரீம் குச்சிகளைக் கொட்டிவைத்தால், தடவிப் பார்த்தே தலையும் வாலும் ஒன்றாக அடுக்கிவிடுகிறார். முதலாளியிடம் பேசியது என்னவாயிற்று என்று இங்கே எழுதுங்கள். அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.